ஜாக்கெட்டைக் கழற்று, இஸ்ஸாத்

முப்பத்தொரு பனிமான்கள் தண்டவாளப் பக்கம் போயிருக்கின்றன.
இரும்புத்தாது ரயில் ஆறு மணிக்கு.
கட்டுப்பாட்டறைக்குப் போன் செய்துவிட்டேன்,
வேகத்தைக் குறைப்பார்களாம். நிறுத்த மாட்டார்கள்.
நம் ட்ரோனோ
தொட்டித் துளையில் இறங்கும் தண்ணீர்போல்
சுற்றிச் சுற்றி, வட்டத்தை அகட்டி அகட்டி
பிர்ச் மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

காற்று என்கிறாய்.
காற்றென்றால் ஒரு பக்கமாய்த் தள்ளியிருக்கும்.
நில் என்றால் நிற்கத்தான் பார்த்தது, பாவம்.
எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும்,
எந்தப் பக்கம் முகம் என்பதுதான் தெரியவில்லை.
இடதென்று நினைத்து முன்னால் போனது,
திருத்தப் போய் இன்னும் தள்ளிப் போனது.

நேற்று எங்கே நின்று திசைமானியைச் சரிபார்த்தாய்?

சுரங்க வேலியோரம்!
மலையே இரும்பாய் இருக்கும் இடத்தில்!
செயலி சிவப்பாய்க் கத்தியது, அதனால் செய்தேன் என்கிறாய்.
கத்துகிற இடத்தில் கற்றுக்கொடுக்காதே, இஸ்ஸாத்.
தள்ளிப் போ. அங்கே அது தானாய் அடங்கினால்
குறை இடத்தில், கருவியில் இல்லை.
கெட்ட இடத்தில் சொல்லிக்கொடுத்தால்
பொய்யை வேதவாக்காய்ப் பிடித்துக்கொள்ளும்.

கடலோர மேய்ச்சலிலிருந்து இறங்கியபோதே செய்திருக்க வேண்டும்,
இருநூறு கிலோமீட்டர்.
விழுந்து எழுந்தாலும் செய்யவேண்டும், இப்போது போல.
தினமும் வேண்டாம்.
சரியாய் இருப்பதை நோண்டிக் கெடுத்தவர்கள்
நம் குளிர்காலக் குடிசையிலேயே இரண்டு பேர்.

வா, ஏரிக்குப் போவோம்.
உறைந்த ஏரியில் கம்பியில்லை, குழாயில்லை.
ஸ்கூட்டரைக் கரையிலேயே விடு.
போனை அதன் இருக்கையில் வை.
இடுப்புக் கத்தி, சாவி, வாட்ச்.
முழங்காலில் வைத்த தகடு கணக்கில்லை, அது டைட்டானியம்,
டாக்டரே சொன்னார்.
வானத்தில் பச்சை இல்லை, நல்லது.
பச்சை கொழுந்துவிட்டு ஆடும் இரவில்
எந்த ஊசிக்கும் புத்தி நிலைக்காது.

மட்டமாய்ப் பிடி. உன்னையே சுற்று, ஒரு முழுச் சுற்று.
அவசரப்படாதே.
இப்போது மூக்கைக் கீழே. மறுபடி ஒரு சுற்று.

சிவப்பு.

மறுபடி.

சிவப்பு.

மணி ஐந்து இருபது.
இந்த உயரத்தில் வடக்கு பெரும்பாலும் தரைக்குள் இருக்கிறது.
ஊசியைத் தொங்கவிட்டால் மூக்கால் ஐஸைக் குத்தும்.
அடிவானத்துக்கு மிஞ்சுவது மெல்லிய ஓர் இழுப்பு,
அதைக் கலைக்க
என்னதான் இருக்கிறது உன் மேல்?

நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாய், குழந்தைபோல.
உன் புது ஜாக்கெட்.
லூலியோவில் வாங்கியது.
பாக்கெட் மூடி 'டப்' என்று தானாய் ஒட்டுகிறதே,
எல்லோருக்கும் காட்டினாயே,

ஜாக்கெட்டைக் கழற்று, இஸ்ஸாத்.

இருபத்து மூன்று டிகிரி உறைகுளிரில்
கம்பளிச் சட்டையோடு, பல் தந்தியடிக்க
ஒரு மனிதன் ஏரி நடுவில் மெதுவாய்ச் சுற்றினான்.
நான் சிரிக்கவில்லை. பிறகுதான் சிரித்தேன்.
மட்டமாய் ஒன்று. மூக்கு கீழே ஒன்று.
பச்சை.

உடனே பறக்கவிடாதே.
அதன் மூக்கை அந்த இரட்டைக் குன்றின் பிளவுக்கு நேரே வை,
திரையில் அம்பும் அங்கேயே பார்க்கிறதா? பார்க்கிறது.
ஆள் உயரத்துக்கு ஏற்று. முப்பது எண்ணு.
நகரவில்லை.
சுவரில் ஆணி அடித்ததுபோல் நின்றது.

ஐந்து முப்பத்தெட்டு. வெப்பக் கேமராவில்
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே
வெள்ளைப் புள்ளிகள், படுத்து அசைபோட்டபடி.
எண்ணினேன், முப்பத்திரண்டு.
மறுபடி எண்ணினேன், முப்பத்திரண்டு.
ஒன்று யாருடையதோ. காது வெட்டைப் பார்க்கவேண்டும்.

அன்றிரவு அந்தக் கத்தியாலேயே
தையலைப் பிரித்துக் காந்தங்களை எடுத்தேன்.
இரண்டும் கத்தியை விடமாட்டேன் என்றன.
இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கின்றன,
தாது ரயிலின் நேர அட்டவணையைப் பிடித்துக்கொண்டு.
ட்ரோன் பெட்டியை
அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன்.